அன்னாசி

அன்னாசி (தாவரவியல் பெயர்: அனனாசு கொமோசசு) என்பது வெப்பமண்டலப் பகுதிகளில் வளரும் ஒரு பல்லாண்டுத் தாவரமும் அதன் பழமும் ஆகும். இது புரோமெலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தென் அமெரிக்கா ஆகும். இப்பழம் பச்சையாக உண்ணப்படுவதோடு பழச்சாறு, பழப்பாகு, கேசரி, பச்சடி, ரசம் எனப் பல வகைகளில் உணவாகின்றது. இதன் இலையிலிருந்து துணி நெய்வதற்கு உகந்த நாரும், தண்டிலிருந்து புரோமெலைன் என்னும் நொதியும் பெறப்படுகின்றன.

அன்னாசியை உண்டால் நாக்கு எரிகின்றது. பாலில் கலந்தால் பால் கசக்கின்றது. காயாகப் பறித்ததை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது இனிப்பதில்லை. வீடுகளில் அன்றாடம் காணப்படும் இவ்வியல்புகளுக்கான காரணங்கள் இத்தாவரத்தின் உடலமைப்பிலும் வேதியியலிலும் அமைந்துள்ளன.

பெயர்

தென் அமெரிக்கப் பழங்குடியினரின் தூபி மொழியில் இப்பழத்துக்கு வழங்கிய பெயரிலிருந்து போர்த்துக்கேய மொழியின் "அனனாசு" என்னும் சொல் உருவானது. தமிழின் "அன்னாசி" போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல்லாகும். சிங்களத்திலும் இது அன்னாசி என்றே அழைக்கப்படுகின்றது.

தமிழில் செந்தாழை, பறங்கித்தாழை ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. இதன் இலைகள் தாழையின் இலைகளைப் போல் நீண்டு முள்விளிம்புடன் இருப்பதால் இப்பெயர்கள் ஏற்பட்டன. பறங்கிக்காய் என்பதில் உள்ளதைப் போலவே "பறங்கி" என்னும் அடைமொழி அயல்நாட்டு வரவைக் குறிக்கின்றது. மலையாளத்தில் வழங்கும் "கைதச்சக்கை" என்னும் பெயரும் இத்தகையதே. கைதை என்பது தாழையையும் சக்கை என்பது பலாவையும் குறிக்கும். ஆயினும் தாவரவியல் அடிப்படையில் அன்னாசிக்கும் தாழைக்கும் நெருங்கிய உறவு இல்லை.

எசுப்பானியர் இப்பழத்தைப் பைன் மரத்தின் கூம்புக்கு ஒப்பிட்டுப் "பீனியா" என்றனர். ஆங்கிலப் பெயரான "பைனாப்பிள்" என்பதும் முதலில் பைன் கூம்பையே குறித்து, பின்னர் இப்பழத்துக்கு உரியதாயிற்று.

தாவரவியல்

அன்னாசிச் செடி ஏறத்தாழ 1 முதல் 1.5 மீட்டர் உயரம் வரை வளரும். வாள் போன்ற தடித்த இலைகள் குட்டையான தண்டைச் சுற்றி ரோசா இதழ்களைப் போல அடுக்காக அமைந்திருக்கும். செடி முதிர்ந்ததும் நடுவிலிருந்து பூந்தண்டு எழும். அதில் பொதுவாக 100 முதல் 200 வரையிலான ஊதா நிறச் சிறு பூக்கள் நெருக்கமாக அமையும்.

நாம் ஒரு பழம் என்று கருதுவது உண்மையில் பல பூக்களின் கனிகள் ஒன்றாக இணைந்து உருவான கூட்டுக்கனி ஆகும். பலாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. அன்னாசியின் மேற்பரப்பில் காணப்படும் ஒவ்வொரு "கண்ணும்" ஒரு பூ இருந்த இடமாகும். நடுவிலுள்ள கடினமான தண்டு பூங்கொத்தின் அச்சாகும். இவ்வச்சு பழத்தின் உச்சியையும் கடந்து வளர்ந்து இலைக்கொண்டையாக முடிகின்றது.

கண்கள் சுருள் வரிசைகளில் அமைந்துள்ளன. ஒரு திசையில் எண்ணினால் பெரும்பாலும் 8 வரிசைகளும், எதிர்த்திசையில் 13 வரிசைகளும் இருக்கும். செங்குத்தாக ஏறும் மூன்றாவது வரிசைகள் பெரிய பழங்களில் 21 இருக்கலாம். 8, 13, 21 ஆகியவை பிபொனாச்சி எண்தொடரில் அடுத்தடுத்து வருபவை. ஒரு பழத்தையும் ஒரு சுண்ணக்கட்டியையும் கொண்டு மாணவர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

விதையின்மை

அன்னாசியின் ஓர் இரகத்தின் மகரந்தம் அதே இரகத்தின் பூக்களைக் கருவுறச் செய்வதில்லை. எனவே தோட்டம் முழுவதும் ஒரே இரகம் நடப்பட்டால் பழங்கள் விதையின்றி உருவாகின்றன. வெவ்வேறு இரகங்களுக்கிடையே மகரந்தம் பரவினால் சிறிய கடினமான விதைகள் தோன்றும். அமெரிக்கக் கண்டங்களில் அன்னாசிப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டு செல்பவை ஓசனிச்சிட்டுக்கள் ஆகும். பெருமளவில் அன்னாசி பயிரிடப்பட்ட அவாய்த் தீவுகளுக்குள் அப்பறவைகளைக் கொண்டுவருவது இக்காரணத்தினாலேயே தடை செய்யப்பட்டுள்ளது.

இரவில் திறக்கும் இலைத்துளைகள்

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைப் பெறுகின்றன. அன்னாசி இரவில் அவற்றைத் திறந்து, பெற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கின்றது. கள்ளி வகைகளிலும் இம்முறை காணப்படுகின்றது. பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகி இழக்கப்படுவது இதனால் குறைகின்றது.

வரலாறு

ஐரோப்பியர் இப்பழத்தை முதன்முதலில் 1493 ஆம் ஆண்டில் கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் கொலம்பசின் இரண்டாம் பயணக் குழுவினர் கரிபியக் கடலிலுள்ள குவாதலூப்புத் தீவில் இதனை உண்டனர். பின்னர் போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் இதனை இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர்.

இந்தியாவில் இப்பழம் விரைவாகப் பரவியது. அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அயினி அக்பரி நூல் இதனைப் பயணப் பலா என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிடுகின்றது. 1605 முதல் 1627 வரை ஆட்சி செய்த சகாங்கீர், ஆக்ராவிலுள்ள தோட்டத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் அன்னாசிகள் விளைந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார்.

குளிர் மிகுந்த ஐரோப்பாவில் கண்ணாடி வீடுகளுக்குள் பெரும் பொருட்செலவில் மட்டுமே இதனை விளைவிக்க முடிந்தது. ஆகையால் 18 ஆம் நூற்றாண்டு வரை அங்கு இது செல்வந்தரின் பழமாக இருந்தது. 1901 இல் சேம்சு டோல் அவாயில் தொடங்கிய நிறுவனமும், 1911 இல் என்றி கினாக்கா வடிவமைத்த தோல் சீவி நடுத்தண்டு நீக்கும் பொறியும் தகரப்புட்டியில் அடைக்கப்பட்ட அன்னாசியை எளிய மக்களுக்கும் எட்டச் செய்தன.

சாகுபடி

அன்னாசிக்கு ஏறத்தாழ 15 முதல் 32 பாகை செல்சியசு வெப்பநிலையும், ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 மில்லிமீட்டர் மழையும், நீர் தேங்காத சற்று அமிலத்தன்மையுள்ள மண்ணும் ஏற்றவை. பக்கக்கன்று, பழக்காம்பில் தோன்றும் கன்று, கொண்டை ஆகியவற்றைக் கொண்டு இது இனப்பெருக்கம் செய்யப்படுகின்றது. இரட்டை வரிசை முறையில் ஓர் எக்டேரில் 40,000க்கும் மேற்பட்ட கன்றுகளை நட இயலும். இரகத்தையும் கன்றின் வகையையும் பொறுத்து 12 முதல் 24 மாதங்களில் பழம் கிடைக்கும். முதல் அறுவடைக்குப் பின் பக்கக்கன்றுகளை வளரவிட்டு மறுதாம்புப் பயிராகவும் பழம் பெறலாம்.

ஒரே தோட்டத்தில் உள்ள செடிகள் வெவ்வேறு காலங்களில் பூப்பது உழவருக்குப் பெரும் இடர்ப்பாடாகும். புகை மூட்டினால் செடிகள் ஒருசேரப் பூக்கின்றன என்பது 19 ஆம் நூற்றாண்டில் அசோரசுத் தீவுகளில் தெரியவந்தது. புகையிலுள்ள எத்திலீன் வாயுவே இதற்குக் காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. இக்காலத்தில் எத்திலீனை வெளியிடும் எத்திபான் கரைசல் செடியின் குருத்தில் ஊற்றப்படுகின்றது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் அசாம், மேகாலயா, மணிப்பூர், திரிபுரா, மேற்கு வங்காளம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் அன்னாசி மிகுதியாக விளைகின்றது. கியூ, குயின், மொரிசியசு ஆகியவை குறிப்பிடத்தக்க இரகங்கள். திரிபுராவின் குயின் அன்னாசி 2015 இல் புவிசார் குறியீடு பெற்றது.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள வாழக்குளம் தென்னிந்தியாவின் முதன்மையான அன்னாசிச் சந்தை ஆகும். இங்கு மொரிசியசு இரகம் இளம் இரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக வளர்க்கப்படுகின்றது. இரப்பர் மரங்கள் நிழல் தரும் அளவுக்கு வளரும் வரையிலான முதல் சில ஆண்டுகளில் நிலம் இவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது. வாழக்குளம் அன்னாசிக்கு 2009 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அன்னாசி ஆராய்ச்சி நிலையமும் இங்கு உள்ளது.

தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை அன்னாசிக்குப் பெயர் பெற்றது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையில் பலா, மிளகு, காப்பி ஆகியவற்றுடன் அன்னாசியும் பயிரிடப்படுகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் இது விளைகின்றது. இலங்கையில் கம்பகா, குருநாகல் மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கவை.

அன்னாசி நெடுநாள் தாங்காத பழமாதலால் சந்தைக்கான வழி தடைபட்டால் உழவரின் இழப்பு உடனடியாக ஏற்படுகின்றது. 2020 இல் கொரோனாத் தொற்றை முன்னிட்டு விதிக்கப்பட்ட ஊரடங்கின்போது, கோடைக்கால விற்பனையை எதிர்பார்த்திருந்த வாழக்குளம் பகுதி உழவர்கள் பழங்களை அனுப்ப இயலாமல் பெரும் இழப்புக்கு உள்ளாயினர்.

கொங்குச் சமவெளியில்

திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூருக்கும் அவினாசிக்கும் இடையில் அமைந்துள்ள திருமுருகன்பூண்டி போன்ற ஊர்களில் அன்னாசி வணிகப் பயிராக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான இங்கு ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. நிலங்கள் பலவற்றில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அன்னாசி வேர்களால் இரும்புச் சத்தைப் போதிய அளவு எடுத்துக்கொள்ள இயலாததால் இலைகள் மஞ்சளாகி வளர்ச்சி குன்றும். எனவே மழை மிகுந்த மலைப்பகுதிகளில் விளைந்த பழமே இவ்வூர்களின் கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் வருகின்றது.

உணவுப் பயன்பாடுகள்

கீற்றாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தெருவோரங்களில் பரவலாக விற்கப்படுகின்றது. அன்னாசி கேசரி திருமண விருந்துகளில் இடம்பெறும் இனிப்பாகும். துண்டுகளையும் சாற்றையும் சேர்த்துச் செய்யும் அன்னாசி ரசத்தில் புளியின் அளவு குறைக்கப்படுகின்றது. தேங்காயும் தயிரும் சேர்த்த பச்சடி கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் செய்யப்படுகின்றது. பழப்பாகு, பழக்கூழ், ஊறுகாய், வற்றல் ஆகியனவும் செய்யப்படுகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் புத்தாண்டின்போது அன்னாசிப் பழப்பாகு வைத்த சிறு பணியாரங்கள் வழங்குவது வழக்கம்.

100 கிராம் அன்னாசியில் அடங்கியுள்ள சத்துகள் (ஏறத்தாழ):

ஆற்றல்: 50 கலோரி
நீர்: 86 கிராம்
மாவுச்சத்து: 13 கிராம் (இதில் சர்க்கரை 10 கிராம்)
நார்ச்சத்து: 1.4 கிராம்
புரதம்: 0.5 கிராம்
உயிர்ச்சத்து சி: 48 மில்லிகிராம்
மாங்கனீசு: 0.9 மில்லிகிராம்

புரோமெலைன் நொதி

அன்னாசியின் தண்டிலும் பழத்திலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. இவை பொதுவாகப் புரோமெலைன் எனப்படுகின்றன. 1891 இல் வெனிசுவேலா நாட்டு வேதியியலாளர் விசென்டே மார்க்கானோ இதனைப் பழத்திலிருந்து பிரித்தெடுத்தார். வணிக அளவில் இது அறுவடைக்குப் பின் எஞ்சும் தண்டிலிருந்து பெறப்படுகின்றது.

இந்நொதியின் செயலைப் பின்வரும் நிகழ்வுகளில் காணலாம்:

நாக்கு எரிதல்: நொதி வாயின் மென்படலத்திலுள்ள புரதங்களைத் தாக்குகின்றது. பழத்திலுள்ள அமிலமும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களும் எரிச்சலை மிகுவிக்கின்றன. பழுக்காத காயில் எரிச்சல் மிகுதியாக இருக்கும்.

பால் கசத்தல்: பச்சை அன்னாசியைப் பாலிலோ தயிரிலோ கலந்து வைத்தால் பாற்புரதம் சிதைந்து கசப்பான சிறு கூறுகளாகின்றது. அமிலத்தால் பால் திரிவதும் உண்டு. பச்சடி செய்வோர் அன்னாசியை முதலில் வேகவைத்து ஆறிய பின்னரே தயிர் சேர்ப்பது இதனால்தான்.

களி உறையாமை: விலங்குப் புரதமான செலட்டினில் பச்சை அன்னாசியைச் சேர்த்தால் அது உறையாது. ஆனால் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகர் அகர் ஒரு மாவுப்பொருள் வகை, புரதம் அன்று. ஆகையால் அது உறையும்.

இறைச்சி மென்மையாதல்: இறைச்சியில் அன்னாசிச் சாற்றைச் சிறிது நேரம் தடவி வைத்தால் அது மென்மையாகும். நெடுநேரம் வைத்தால் குழைந்துவிடும்.

வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றது. 80 பாகை செல்சியசு அளவில் சில நிமிடங்கள் சூடாக்கினாலே செயற்பாடு பெரும்பாலும் நீங்கிவிடும். எனவே வேகவைத்த அன்னாசியும், சூடாக்கித் தகரப்புட்டியில் அடைத்த அன்னாசியும் மேற்கூறிய விளைவுகளை உண்டாக்குவதில்லை. நாள்தோறும் பெருமளவில் பழம் நறுக்குவோருக்குக் கைத்தோலில் எரிச்சலும் புண்ணும் ஏற்படக்கூடும் என்பதால் கையுறை அணிவது நன்று.

உடல்நலமும் நம்பிக்கைகளும்

கருவுற்ற பெண்கள் அன்னாசி உண்டால் கரு கலைந்துவிடும் என்னும் நம்பிக்கை தமிழரிடையே வலுவாக உள்ளது. நன்கு பழுத்த அன்னாசியை உணவின் அளவில் உண்பது கருவைக் கலைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவச் சான்று இல்லை. உண்ணும் பழத்திலுள்ள நொதி, தண்டிலுள்ளதைக் காட்டிலும் குறைவு. அதன் பெரும்பகுதி வயிற்றில் செரிமானத்தின்போது சிதைகின்றது. எனினும் மிகையாக உண்டால் நெஞ்செரிச்சலும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம்.

இந்நம்பிக்கையின் மறுபக்கமே தீங்கானது. விரும்பாத கருவைக் கலைப்பதற்காக அன்னாசிக்காயைப் பெருமளவில் உண்பது பயனற்றது. உடலுக்குக் கேடு தரக்கூடியது. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நாட்களும் இதனால் வீணாகின்றன. கருத்தரிப்புத் தொடர்பான ஐயங்களுக்கு மருத்துவரை நாடுவதே முறையாகும்.

நீரிழிவு உள்ளோர் பழச்சாறாக அருந்துவதைக் காட்டிலும் துண்டுகளாக அளவோடு உண்பது நன்று. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் புரோமெலைன் மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரையின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலருக்கு இப்பழம் ஒவ்வாமையையும் உண்டாக்கலாம்.

தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும்

மா, வாழை ஆகியவற்றைக் காயாகப் பறித்துப் பழுக்கவைக்கலாம். அவற்றில் சேமிக்கப்பட்ட மாச்சத்து பின்னர் சர்க்கரையாக மாறும். அன்னாசியில் அத்தகைய மாச்சத்துச் சேமிப்பு இல்லை. சர்க்கரை செடியிலிருந்தே பழத்துக்கு வரவேண்டும். பறித்த பின் தோல் மஞ்சளாகலாம், சதை மென்மையாகலாம், ஆனால் இனிப்பு கூடுவதில்லை. ஆகையால் வாங்கும்போதே முதிர்ந்து பழுத்ததைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அடிப்பகுதியில் நறுமணம் வீசுவதும், கண்கள் தட்டையாக விரிந்திருப்பதும், அளவுக்கு ஏற்ற எடை இருப்பதும் நல்ல பழத்தின் அடையாளங்கள். புளித்த வாடையும் அடியில் கசியும் நீரும் அழுகலைக் குறிக்கும். நறுக்கிய துண்டுகளை மூடிய கலத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் உண்பது நன்று.

இலை நாரும் ஆடைத் தொழிலும்

அன்னாசி இலையில் மென்மையும் பளபளப்பும் உடைய வலிமையான நார் உள்ளது. பிலிப்பீன்சு நாட்டில் இந்நாரைக் கொண்டு "பீனியா" என்னும் மெல்லிய துணி நெய்யப்படுகின்றது. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டி முதலில் பருநாரையும், பின்னர் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி நுண்நாரையும் பிரித்தெடுப்பர். நார்களை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு இணைத்து நூலாக்குவர். அந்நாட்டு ஆண்கள் விழாக்களில் அணியும் மேற்சட்டை இத்துணியில் தைக்கப்படுவதுண்டு. அக்லான் மாநிலத்தின் பீனியாக் கைத்தறி நெசவு 2023 இல் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இலை நாரிலிருந்து தோலுக்கு மாற்றான ஒரு பொருளும் "பினியாடெக்சு" என்னும் பெயரில் செய்யப்படுகின்றது.

தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நார், அன்னாசி நார் முதலிய இயற்கை நார்களைப் பருத்தியுடனும் பட்டுடனும் சேர்த்துச் சேலை நெய்வதற்குப் பெயர் பெற்றவர்கள். கொல்கத்தாவிலுள்ள நடுவண் அரசின் இயற்கை நார் ஆய்வு நிறுவனமும் அன்னாசி நாரைப் பொறியால் பிரித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளது.

பருத்திப் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூர், திருமுருகன்பூண்டிப் பகுதியில் இந்நார் ஏன் பரவலாகப் பயன்படவில்லை என்னும் கேள்வி எழுவது இயல்பு. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, நாரின் இயல்பு. நெசவில் பாவும் ஊடும் பெரும்பாலும் நேராகச் செல்கின்றன. பின்னலில் நூல் ஒவ்வொரு ஊசியிலும் வளைந்து கண்ணியாக வேண்டும். விறைப்பான அன்னாசி நார் அவ்வாறு எளிதில் வளைவதில்லை. நூல் அறுவதற்கும் துணியில் ஓட்டை விழுவதற்கும் வாய்ப்பு மிகுதி. எனவே நாரின் பசைப்பொருளை நீக்கி, மென்மையாக்கி, குறுகிய இழைகளாக வெட்டி, பருத்தியுடன் கலந்து நூற்க வேண்டும். இரண்டாவது, அளவு. பச்சை இலையின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடே நாராகக் கிடைக்கின்றது. 100 கிலோ இலையிலிருந்து 2 அல்லது 3 கிலோ நாரே பெற முடியும். பளுவான ஈர இலையை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது கட்டுப்படியாகாது. நார் பிரிக்கும் வேலை தோட்டத்தின் அருகிலேயே நடைபெற வேண்டும்.

அன்னாசித் தோட்டங்களில் அறுவடைச் சுழற்சி முடிந்ததும் இலைகள் பெரும்பாலும் கழிவாகவே நீக்கப்படுகின்றன. நாருக்கென்று தனியாக நிலமோ நீரோ தேவைப்படுவதில்லை. பழத்தின் விலை வீழும் காலங்களில் இலையும் விலை பெறுமாயின் மலைப்பகுதி உழவருக்கு அது துணை வருவாயாக அமையக்கூடும்.

வீட்டில் வளர்த்தல்

கொண்டையைப் பழத்திலிருந்து திருகி எடுத்து, அடி இலைகள் சிலவற்றை நீக்கி, நிழலில் சில நாட்கள் உலரவைத்து நட்டால் வேர் பிடிக்கும். தரையின் சுண்ணாம்புத் தன்மை தடையாக உள்ள ஊர்களிலும், செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் இதனை வளர்க்கலாம். தொட்டியில் நீர் தேங்கக் கூடாது. பழம் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். நன்கு முதிர்ந்த செடி பூக்கத் தாமதித்தால், பழுத்த வாழைப்பழத்தைச் செடியின் அருகில் வைத்துச் சில நாட்கள் நெகிழித் தாளால் மூடிவைப்பர். அப்பழம் வெளியிடும் எத்திலீன் செடியைப் பூக்கத் தூண்டும்.